உன் கல்யாண மேடையில் ரேவதியும் நிற்பாள்

கண்ணு,

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்கு உன்னை என்ன செய்தால் தகும் என்று இன்றைக்குக் காலையிலிருந்து செக்கிங் டேபிளில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த எரிச்சலில் நல்ல பனியன் பீஸை ஓட்டை என்று தள்ளிவிட்டு, ஓட்டையை நல்லது என்று அடுக்கிவிட்டேன். நான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், நீ பாதியில் கண்ணை மூடிக்கொள்கிறாய். தோளைத் தட்டினால் எழுந்து போய் லைட்டை அணைக்கிறாய். அப்புறம் கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டாய். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவார்களாம். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காத வீட்டில் கதவை அறைந்து என்ன ஆகப்போகிறது? அதனால் நீ சின்ன வயதிலேயே கண்டுபிடித்த வழி இது. கையால் பேசுகிறவளின் வாயை அடைக்க ஒரு சுவிட்ச் போதும். மாப்பிள்ளை ஆகப்போகிற வயதிலும் அதையே செய்கிறாயே, வெட்கமாக இல்லையா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு போய்விடாது. காகிதத்தை நீ கண்ணைத் திறந்துதான் படித்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், சலித்துக்கொள்ளாதே. கேட்காத அப்பா அம்மாவுக்குப் பிறந்து, கேட்கிற காதோடு வளர்ந்த பிள்ளைகள் இந்தத் திருப்பூரில் உன்னைத் தவிரவும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நான் பிறந்தபோது எனக்குக் காது கேட்டது. எட்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அதைக் கொண்டுபோனது, என் குரல் எனக்கே கேட்காமல் வாய்ப்பேச்சும் மெல்ல நின்றுபோனது. காய்ச்சலுக்கு முன்பே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன், அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிந்ததில்லை. உன் அப்பாவுக்குப் பிறவியிலேயே கேட்காது. அவருக்குக் கைதான் தாய்மொழி. அவர் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், நான் இன்னொரு பனியன் கம்பெனியில் செக்கிங். ராயபுரத்து லைன் வீட்டில் நம் மூன்று பேரில் நீ ஒருவன்தான் கேட்கிறவன். கேஸ்காரர் வந்தாலும், கரண்ட் ஆபீஸ் ஆள் வந்தாலும், வீட்டுக்காரர் மோட்டாரைப் பற்றிச் சத்தம் போட்டாலும் உன்னைத்தான் வாசலுக்கு அனுப்பினோம்.

நான் இப்போது கேட்டது ஒன்றே ஒன்று. உன் கல்யாணத்தன்று ரேவதி மேடையில் நிற்க வேண்டும். ரேவதி சைகை மொழிபெயர்ப்பாளர். வாயால் பேசுகிறவர்களின் பேச்சைக் கையால் எங்களுக்கும், எங்கள் கைப்பேச்சை வாயால் மற்றவர்களுக்கும் சொல்கிறவள். அதைப் படித்து, அதையே வேலையாகச் செய்கிறவள். 'ஆகாது' என்று ஒற்றைக் கையில் சொல்லிவிட்டாய். மேடையில் அவள் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் சனம் முழுக்க அவளையே பார்க்குமாம். வீடியோவில் நன்றாக இருக்காதாம். பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று உனக்குக் கவலையாம். கடைசியாக உன் பெரிய அஸ்திரத்தை எடுத்தாய்: "நான் இருக்கறப்ப வேற ஆளு எதுக்கும்மா?" ஏன் சாமி, தாலி முடிச்சுப் போடுகிற கையால் எனக்கு எப்படிச் சொல்வாய்? உனக்கு எத்தனை கை இருக்கிறது?

நீ இருக்கிறாய் என்பதுதான் கண்ணு எனக்குப் பிரச்சினையே. உள்ளங்கையை என் பக்கம் காட்டி இரண்டு தட்டுத் தட்டுவாயே, 'பொறு, அப்புறம் சொல்றேன்' என்று, அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த 'அப்புறம்' இதுவரை வந்ததே இல்லை. உன் கணக்கு டீச்சர் ஒருமுறை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, நிறுத்தாமல் பேசினார். கையை வீசினார், மேசையைத் தட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். 'நல்லாப் படிக்கிறேனாம்' என்றாய். மூக்கு விடைக்க விடைக்கப் பாராட்டுகிற டீச்சரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரிப்பு வந்தது, விட்டுவிட்டேன். அப்புறம் அதுவே உனக்குப் பழக்கமாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தி கண்ணைத் துடைப்பாள், ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டால், 'சும்மா பழமை பேசிக்கிட்டிருக்காங்கம்மா' என்பாய். வெறும் ஊர்ப்பேச்சுக்கு யார் துண்டை உதறுவார்கள்?

நீ எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். உன் வேலையே நடுவில் நிற்பதுதான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்வதைக் கம்பெனிக்குச் சொல்கிறாய், கம்பெனி சொல்வதை பையருக்குச் சொல்கிறாய். 'நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது' என்று பையர் எழுதினால், சாயப்பட்டறைக்காரர் மனது நோகுமே என்று 'எல்லாம் நன்றாக இருக்கிறதாம்' என்று சொல்வாயா? சொன்னால் அடுத்த நாள் அந்த ஆபீசில் உனக்கு நாற்காலி இருக்குமா? கழுத்துப் பட்டி அரை சென்டிமீட்டர் கூடினால்கூட வரிக்கு வரி எழுதி அனுப்புகிற பிள்ளை நீ. பையருக்கு ஒரு சொல் குறையக்கூடாது. பெற்றவளுக்கு மட்டும் அரைமணி நேரப் பேச்சு ஒரு வரியாகச் சுருங்கி வருகிறது. பையர் அளவுக்கு மரியாதை கொடு என்றுதான் கேட்கிறேன், அதற்கு மேல் இல்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்றும் எனக்குத் தெரியும். நீ ஏழாம் வகுப்பில் இருந்தாய். எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை, உன்னைப் பார்த்தே பேசினார். ஒரு பையனிடம் அவன் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றிச் சொல்லிவிட்டு, 'அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு கண்ணு' என்று பேனாவை நீட்டினார். உனக்கு அந்தச் சொல்லே தெரியாது. முகம் வெளிறி, 'வயித்துல கட்டிம்மா, எடுத்தா சரியாயிரும்' என்று கையில் சொன்னாய். இருந்த தளர்ச்சியில் படித்துப் பார்க்காமலே நான் கையெழுத்துப் போட்டேன். எதை எடுத்தார்கள் என்று தையல் பிரித்த பிறகு சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அது உன் தப்பு இல்லை கண்ணு, ஒரு நாளும் அப்படி நினைக்காதே. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் கைப்பேச்சுத் தெரிந்த ஒரு ஆளை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்குப் பள்ளிக்கூடப் பையனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஆனால் அன்றைக்கு உனக்கு ஒன்று ருசித்துவிட்டது. சொல்லாமல் விட்டால் அம்மா அழமாட்டாள் என்று கற்றுக்கொண்டாய். அதை இன்னும் கைவிடவில்லை.

செவிடன் காதில் சங்கு ஊதிய கதை என்று ஊரில் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால், மன்னிக்கவும், படித்தால், செவிடன் மேல் கோபம் வருவதில்லை, ஊதுகிறவன் மேல்தான் வருகிறது. காது கேட்காது என்று தெரிந்த ஆளிடம் போய் ஏனப்பா சங்கை ஊதுகிறாய், கையைக் காட்டிச் சொன்னால் உன் சங்கு தேய்ந்துவிடுமா? எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று ஒத்திகை வைத்தார்கள். சைரன் ஊதினார்கள். எல்லோரும் வரிசையாகப் படியிறங்கிப் போய்விட்டார்கள். நானும், எனக்கு எதிரே செக்கிங் பார்க்கிற இன்னொரு கேட்காத பெண்ணும் குனிந்த தலை நிமிராமல் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால் ஹாலில் ஈ, காக்கை இல்லை. டீ டைம் என்று நினைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனோம். அங்கேயும் யாரும் இல்லை, சரி என்று நாங்களே ஊற்றிக் குடித்தோம். கீழே வாசலில் எல்லோரும் பிழைத்துவிட்டதாகக் கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். நிஜத் தீயாக இருந்திருந்தால் உன் அம்மா டீ டம்ளரோடு வெந்திருப்பாள்.

அதற்குப் பிறகு எந்த பையர் கேட்டாரோ, கூரையில் சிவப்பு விளக்கு மாட்டினார்கள், தொழிலாளர் கூட்டத்துக்கு ரேவதியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அத்தனை வருஷமாக அந்தக் கூட்டத்தில் நான் பார்த்தது மேனேஜரின் மீசை ஏறி இறங்குவதைத்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவர் பேசுவது எனக்கு வந்தது. வாய்க்குள் அவர் முணுமுணுத்த 'இதுக்கெல்லாம் எங்க நேரமிருக்குது' என்பதும் ரேவதியின் கையில் வந்தது. அவர் திடுக்கிட்டு, "அத எதுக்கும்மா சொன்னீங்க?" என்று கேட்க, அவள் அதையும் எங்களுக்குச் சொல்லிவிட்டு, "காதுல உழுந்ததெல்லாம் சொல்றதுதானுங்க சார் என்னோட வேலை. எதச் சொல்றது, எத உடறதுன்னு நான் பாக்கறதில்லீங்க" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அன்றைக்கு நானும் கை தூக்கிக் கேள்வி கேட்டேன். என்ன கேட்டேன் தெரியுமா? 'டீ டைம்ல எங்க ஹால் ஃபேனை ஏன் அணைக்கறீங்க?' என்று. வாய் பேசத் தெரிந்த அத்தனை பேரும் அதைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தார்களாம். ஹாலே கைதட்டியது. மேனேஜர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. உன்னை வைத்துக்கொண்டு நான் யாரிடமும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. நீ, 'அதெல்லாம் கேக்க வேண்டாம்மா' என்று என் கையை அமுக்கியிருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளகோவிலில் நீ கட்டப்போகிற நந்தினியின் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றிய அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி, அப்புறம் இரண்டு வீட்டாரும் பேச்சு மாறக்கூடாது. அதனால் தட்டை எடுப்பதற்கு முன், கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுங்கள் என்று பெரியவர் ஒருவர் சொல்வார். தேங்காய் காயவைக்கிற களம் வைத்திருக்கிறாரே நந்தினியின் பெரிய மாமா, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னையும் அப்பாவையும் பார்த்து ஏதோ கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். 'பொண்ணப் புடிச்சிருக்கான்னு கேக்கறாருமா' என்றாய். இதையும் ஒரு கேள்வி என்று கேட்பார்களா என்று எனக்கு ஆனந்தம். கழுத்துச் சுளுக்கும்படி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். போதாததற்கு நந்தினியைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, ரொம்ப ரொம்ப ஆசை என்று இரண்டு கையையும் விரித்தேன். சபை அப்படியே அடங்கிவிட்டது. நந்தினியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பாசத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. நீ அவர்களிடம் ஏதோ சொன்னாய், எல்லோரும் மூச்சு விட்டார்கள், தட்டு மாறியது.

நந்தினி எனக்கு வாட்ஸ்ஆப்பில் தினமும் எழுதுவாள், உனக்குத் தெரியும். போன வாரம் அவள் எழுதியது இது: "அத்தை, அன்னிக்குப் பெரிய மாமா கேட்டதுக்கு நீங்க சிரிச்சுட்டே ஆமான்னு சொன்னீங்கல்லங்க, எல்லாரும் பயந்துட்டாங்க. எனக்கு அப்பத்தான் உங்கள ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க." பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றதற்கு ஏன் பயப்பட வேண்டும்? என்ன கேள்வி கண்ணு அது என்று கேட்டேன். அவள் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில் வந்தது. 'ஏனுங்க, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இந்த மாதிரி வந்துருமுங்களா?' என்பதுதான் அவர் கேட்டது. அதற்குத்தான் உன் அம்மா பல்லெல்லாம் தெரிய, ஆமாம், ரொம்ப ஆசை என்று கையை விரித்திருக்கிறாள். சபை அடங்கியதும் நீ என்ன சொன்னாய் என்பதையும் நந்தினி எழுதினாள். 'அம்மாவுக்குக் கேள்வி புரியலைங்க. அவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க' என்றாயாம். அவளைப் போய்த் திட்டாதே. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து எழுதிவிட்டாள் பாவம்.

எனக்குப் புரியவில்லையா? நீ எங்கேயடா எனக்குக் கேள்வியைக் கொடுத்தாய்? என்னிடம் வந்த கேள்வியை வழியிலேயே மறித்து, வேறொன்றைச் செய்து என் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு நான் சொன்ன பதிலைப் பார்த்து 'அம்மாவுக்குப் புரியலை' என்று சபையில் சொல்லியிருக்கிறாய். செவிடு என்று யாராவது சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், உள்ளதுதானே. புரியாதவள் என்று இதுவரை ஊரார்தான் சொன்னார்கள். நீயும் சொல்வாய் என்று நினைக்கவில்லை. எனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் செய்தாய், தெரியும். எனக்கு வலிப்பதை நான் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளவில்லையா? அவர் கேட்ட கேள்வியை விட நீ செய்தது அதிகமாக வலிக்கிறது, போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனோமே, கோயிலுக்குப் போகவில்லை. ரேவதியைக் கூட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினோம். நேராக அந்தப் பெரிய மாமா வீட்டுக்குப் போனோம். மனிதர் பதறிவிட்டார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "மெதுவாவே பேசுங்க. நீங்க கத்தறது எனக்குத்தானுங்க காது வலிக்குது" என்றாள் ரேவதி. அவர் அவள் பக்கம் திரும்பி, "அவிங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க" என்றார். "அவங்க மொகத்தப் பாத்து நீங்களே கேளுங்க, நான் கையில சொல்லிர்றனுங்க" என்றாள். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்து, "காப்பி சாப்படறீங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. குடிக்கிறேனுங்க, சர்க்கரை கம்மியா என்றேன்.

காப்பி குடித்துவிட்டு, அன்றைக்கு அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். எனக்குக் காய்ச்சலில் போனது, அது பிள்ளைக்கு வராது. இவருக்குப் பிறவியில் இல்லை, ஆனால் எங்கள் பையனுக்குக் கேட்கிறது. பேரப்பிள்ளைக்கு வருமா, வராதா என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். அப்புறம் இதையும் சொன்னேன். எனக்குக் காது போன பிறகு என் வீட்டில் என்னோடு பேச ஒருவருக்கும் தெரியவில்லை. என் அம்மா சோற்றைக் காட்டுவாள், சாப்பிடுவேன். பாயைக் காட்டுவாள், படுப்பேன். எங்களுக்குள் அதுதான் பேச்சு. கோபம் என்றாலும், பயம் என்றாலும் சொல்ல வழி கிடையாது. உங்கள் பெண்ணுக்கு அப்படி ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு அந்த நிலைமை வராது. அது கண்ணைத் திறந்து பார்க்கிற நாளிலேயே அதோடு பேச வீட்டில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருப்போம். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கேட்டது தப்புங்களா?" என்றார். பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள், தப்பே இல்லை என்றேன். "அன்னிக்குத் தம்பி உங்களுக்குப் புரியலைன்னு சொல்லீட்டாருங்க. செரி, புரியாதவிங்களப் போயி எதுக்குச் சங்கடப்படுத்தோணும்னு உட்டுட்டனுங்க. எனக்கு இப்பவும் சந்தேகம் முழுசாப் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டனுங்க. ஆனா இனி என்ன கேக்கறதா இருந்தாலும் உங்களையே கேட்டுக்கறனுங்க" என்றார். நேர்மையான மனிதர். நீ யாருக்குப் பயந்து என் வாயை மூடினாயோ, அவர் இவர்தான்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உனக்குத்தான் அவர் எந்த விசேஷத்திலும் சாப்பாட்டை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள். ரேவதி கிடைத்ததும் அந்த மாமா வீட்டில் மனிதர் கதை சொல்லிக் கையை இறக்கவே இல்லை. ஒரு சூப்பர்வைசர் பின்னால் நின்று அவரை வாய் வலிக்கத் திட்டினாராம். இவர் திரும்பியே பார்க்காமல் அயர்ன் பண்ணிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அந்த ஆள், இவ்வளவு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை என்று டீ வாங்கிக் கொடுத்தாராம். அப்பா அந்தப் பொறுமைசாலி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடித்துக் காட்ட, பெரிய மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் வீட்டம்மா முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. ரேவதி இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தாள். இந்தக் கதையை எத்தனை வீடுகளில் நீ 'அப்பா ஏதோ கம்பெனிக் கதை சொல்றாருங்க' என்று முடித்துவைத்திருக்கிறாய்? உன் அப்பா வேடிக்கையான மனிதர் என்று சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாமலே போய்விட்டது. கிளம்பும்போது பெரிய மாமா என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "கல்யாணத்தன்னிக்கும் இந்தப் பொண்ணு வருதுங்களா? கட்டாயம் வரச் சொல்லுங்க. எங்க சனமெல்லாம் உங்ககிட்டப் பேசோணுமல்லங்க." பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றாயே, இதுதான் நினைக்கிறார்கள்.

நந்தினியிடமும் இந்த வேலையை ஆரம்பிக்காதே. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் உன் பழக்கம் உன்னை விடாது. ஆபீசில் தொந்தரவு என்றால் 'ஒண்ணுமில்லை' என்பாய். நான் ஏதாவது குறை சொன்னால் அவளிடம் இனிப்பாக மாற்றிச் சொல்வாய், அவள் சொல்வதை எனக்குப் பாதியாக்குவாய். இரண்டு பேருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரையும் அந்நியமாக்கிவிடுவாய். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டாலும் நேராகப் போட்டுக்கொள்கிறோம். அவள் மொபைலில் பார்த்துப் பார்த்துக் கைப்பேச்சுப் பழகுகிறாள். இப்போதைக்கு 'சாப்பிட்டீங்களா' என்பதற்குப் பதிலாக ஏதோ கண்றாவியைக் காட்டுகிறாள், பரவாயில்லை, வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தாலி கட்டும்போது ஓதுவதையும், மைக்கைப் பிடித்து வாழ்த்துவதையும் தெரிந்துகொள்ள மட்டும் நான் ரேவதியைக் கூப்பிடவில்லை. அவை எல்லாக் கல்யாணத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேடையை விட்டு இறங்கிய பிறகு அவளை என்னோடேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன், பந்தியில் என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். மற்ற அம்மாக்களுக்கு டவுன் பஸ்ஸில், ரேஷன் கடையில், மாவு மில்லில், யாரோ யாரிடமோ 'அந்தப் பையன் தங்கமான பையன்' என்றோ, 'அது சரியான திமிர் புடிச்சது' என்றோ பேசிக்கொண்டு போவது தானாகக் காதில் விழும். யாரும் வந்து அவர்களிடம் சொல்வதில்லை, சும்மா விழுகிறது. உன்னைப் பற்றி ஒரே ஒரு சொல்கூட எனக்கு அப்படி விழுந்ததில்லை கண்ணு. எனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னைப் பற்றி நீ சொன்னதுதான். உன்னைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கி, ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவில் நிறுத்தப்போகிறேன். பாயசம் ஊற்றுகிறவரும், பின்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளும், உன் ஆபீஸ்காரர்களும் என் பிள்ளையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு நாளாவது நான் ஒட்டுக்கேட்க வேண்டும். திட்டினாலும் சரி. ரேவதி காலையிலேயே வந்துவிடுவாள்.

இதை எழுதி முடித்தும் கோபம் தீராத,
உன் அம்மா